அண்ணாவுக்கு, ஆடிக்கு முன்

அண்ணா,

இந்த ஆடிக் கூழுக்கு, டர்பன் பக்கத்தில் நம் இந்தியர் வாழும் ஃபீனிக்ஸுக்கு வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். ஊரறிய எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஆனால் 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் கலவரமும் கொள்ளையும் வெடித்தபோது, ஃபீனிக்ஸில் நம்மவர்கள் தெருக்களை மறித்து நின்றார்களே, அப்போது நடந்த கொலைகளைப் பற்றித் தனியாக எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லையே, வேறு என்ன செய்வேன்?

தெருவின் பெயரையோ, அங்கே யார் யார் நின்றார்கள் என்பதையோ எழுத மாட்டேன். இறந்தவர்களின் வீட்டாரும் இதைப் படிக்கலாம்.

1993 ஈஸ்டர் சனிக்கிழமை, கறுப்பின விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். நாடே பற்றி எரியப் போகிறது என்று அப்பா கதவைத் தாழிட்டுவிட்டார். அந்த வாரம் தொலைக்காட்சியில் மண்டேலா பேசினார். அப்போது அவர் ஜனாதிபதிகூட இல்லை. கொன்றவன் ஒரு வெள்ளையன் என்றார். அவனைப் பிடிக்க உயிரைப் பணயம் வைத்து உதவியவளும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். நீ ஆயாவின் காலடியில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். ஓரிடத்திலும் தடுமாறவில்லை, அவ்வளவு எளிய பேச்சு. கேட்டு முடித்த ஆயா, "அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றாள். கொலைகாரனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

2021இல் நமக்கு அப்படி யார் பேசினார்கள்? அந்தக் கலவரத்தை ஜனாதிபதி கிளர்ச்சி முயற்சி என்றார்; பாதுகாப்பு அமைச்சர் அதற்கு ஆதாரம் இல்லை என்றார். தெளிவாகப் பேசியது வாட்ஸ்அப் வதந்தி மட்டும்தான்: "வருகிறார்கள்." ஃபீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

போலீஸ் வரவில்லை, பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள் என்பாய். உண்மை. தூரத்தில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருந்தவளுக்கு என்ன தெரியும் என்பாய். அதுவும் நியாயமே. ரொட்டி கிடைக்காத அந்த வாரத்தில் உன் வீட்டு மாவைப் பக்கத்து வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாயாம், அண்ணி சொன்னாள். அதைக் கேட்டு அழுதேன். அப்படிப்பட்டவன் தெருவை மறித்த தடுப்பருகே நின்றும் வாய் திறக்கவில்லை! உன் சொல்லை அந்தத் தெரு கேட்டிருக்கும். "அவர்கள் பக்கத்துக் குடியிருப்பு பாம்பாயிக்காரர்கள், நமக்குத் தெரிந்தவர்கள், வழிவிடுங்கள்." இவ்வளவு போதாதா?

கோயிலில் இந்த முறையும் உன்னிடம்தான் மைக்கைத் தருவார்கள். செத்தவர்கள் நம் அண்டை அயலார் என்று சொல். சுற்றி வளைக்காதே. ஜூலுவிலும் சொல், உனக்கு நன்றாக வரும். நீ மைக்கை வாங்க மறுத்தால் நான் வாங்கிப் பேசுவேன்.

உன் தங்கை