காலி இடமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னைப் பூங்காக்களைப் பற்றிய கட்டுரையை ஆசையோடு எடுத்தேன். இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை. கடற்கரை இருந்ததால் இந்த ஊருக்குப் பெரிய பூங்கா தேவைப்படவில்லையாம். சென்ட்ரலை ஒட்டிக் கிடந்த ‘காலி இடத்தில்’ பிற்பாடு பொதுக் கட்டடங்கள் எழும்பினவாம்.

அந்தக் காலி இடத்தின் பெயர் பீப்பிள்ஸ் பார்க். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் தொடங்கிவைத்தது. வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார் என்று அடுத்த வருடமே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவர் போனாலும் பூங்கா நின்றது. 116 ஏக்கர், 11 குளங்கள், ஐந்தரை மைல் பாதை, பேண்டு வாசிக்க ஒரு மேடை. பின்னால் வந்த கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா நடைபாதை போட்டது 1884-ல். அதற்கு இருபது வருடத்துக்கு மேல் மூத்தது இந்தப் பூங்கா. கடற்கரை இருந்ததால் தேவைப்படவில்லை என்று எப்படி எழுத மனம் வந்தது?

நான் பெரியமேட்டில் பிறந்தவன். அப்பா தோல் மண்டியில் கணக்கெழுதினார். எழும்பூர் மியூசியம் எங்களுக்குச் செத்த காலேஜ், பூங்காவில் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரண்டும் ஒரே மனிதர் தொடங்கியவைதான். 1855-ல் எட்வர்டு பால்ஃபர் மியூசியத்திலேயே விலங்குகளை வைத்துப் பார்த்தார், கூட்டம் அலைமோதியது, பிறகு அவை பூங்காவுக்கு வந்தன. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்போம். கடைசி பஸ்ஸும் போய்த் தெரு அடங்கியதும் உயிர் காலேஜிலிருந்து சிங்கம் குரல் கொடுக்கும். ஒருமுறை, இரண்டு முறை, அப்புறம் நீளமாக ஒன்று. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அப்பா அசையாமல், “அதுக்கும் தூக்கம் வரல, விடு” என்பார். அந்தக் குரல் வந்த இடத்தைத்தான் காலி இடம் என்கிறீர்கள்.

கட்டடங்கள் காலி இடத்தில் எழும்பவில்லை ஐயா. பூங்காவை வெட்டி வெட்டித்தான் எழும்பின. 1880-களில் விக்டோரியா ஹால், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதாகத்தான் இருந்தது. என் பள்ளிப் புத்தகங்களில் பாதி மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழசு. அதனால் அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. 1985-ல் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம், உயிர் காலேஜ் இடம் மாறிப்போன வண்டலூர்ப் பூங்காவும் திறந்தாயிற்று. விலங்குகளுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. எரிந்துபோன மார்க்கெட்டுக்காவது புறநகர் ரயில் நிலையத்தின் முன்னால் சின்னதாக ஒரு மாதிரிக் கட்டடம் இருக்கிறது. பூங்காவுக்கு அதுகூட இல்லை. அல்லிக்குளம் கடைகளுக்குப் போகிற எத்தனை பேருக்கு அங்கே குளம் இருந்தது தெரியும்?

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 1886 டிசம்பர் 31 அன்று அந்தப் பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புத்தாண்டுக்கு முதல் நாள், குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முழுப் பக்கக் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்க இடமில்லையா? அவர்கள் செத்ததும் காலி இடத்தில்தானா?

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், ஒரு பெயர்ப்பலகை வைக்கச் சொல்லி. மேசையில் இருந்தவர் நல்ல பிள்ளை, உட்காரச் சொல்லி, “அந்தப் பார்க் எந்த வார்டுல வருது சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் படித்த எதிலும் அது இல்லை. உங்கள் இதழிலும் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். இதே விஷயமாக முன்பு இரண்டு கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. வரும் ஞாயிறு இணைப்பில், எந்த மூலையிலாவது, ‘காலி இடம் என்று குறிப்பிட்டது தவறு, அது பீப்பிள்ஸ் பார்க்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். மைலேடீஸ் பூங்கா என்ற பெயரில் மிச்சமிருக்கும் துண்டில்தான் தினமும் காலையில் நடக்கிறேன். திருத்தம் வந்தால் அங்கே கூட நடப்பவர்களிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகன்,
பெரியமேடு, சென்னை - 3