தம்பி, மொதல்ல உளிய தீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற, வாட்ஸ்அப்புல ரெண்டு நீலக் கோடு மட்டும் வருது, அதனாலதான் இங்க எழுதறேன், உன் சின்னவன் எப்படியும் உனக்குக் காட்டுவான். நம்மள மாதிரி மலேசியாவுல தோட்டத்த விட்டு வெளிய வந்துக்கிட்டிருக்கற வேற யார் கண்ணுல பட்டாலும் பரவாயில்ல.

வேலை நின்னு இன்னையோட 31 நாள். உன் வீட்டுக்காரி சொன்னா, தோட்டத்து லயத்து வீட்டு வாசல்லயே நாள் பூரா உக்காந்திருக்கியாம், ஆபீஸ்ல குடுத்த கடுதாசிய மடிச்சி அரிசி டின்னுக்கு அடியில வச்சிட்டு, "அவனுங்க காசு எனக்கு வேணாம், நான் யார்கிட்டயும் போயி கை நீட்ட மாட்டேன்"னு சொல்றியாம். உன் கோவம் நியாயம்டா. 19 வருஷம் செம்பனைக் குலை வெட்டினவன, தோட்டத்த வித்தாச்சு, வீட்டக் காலி பண்ணுன்னு ஒரு பக்கக் கடுதாசியில முடிச்சிட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது. நான் கோவப்படாதன்னு சொல்ல வரல.

அப்பா ரப்பர் பால் வெட்டற உளிய தீட்டுவாரே, அந்தத் தீட்டுக்கல் ஞாபகம் இருக்கா? நடுவுல பள்ளமா தேஞ்சி போயி, கழுவினாலும் பால் வாடை போகாதே, அந்தக் கல்லு. உனக்கு அப்ப நாலு வயசு இருக்கும், நான் ஸ்கூல் லீவுல அப்பா கூட பால் புடிக்கற மங்கு துடைக்கப் போவேன். ஒரு நாள் விடியக்காலையில ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுல எல்லார் முன்னாடியும் கணக்கு எழுதற கிராணி அப்பாவ அசிங்கமா பேசிட்டாரு, முந்தின நாள் மழை பேஞ்சதால பாதியில நின்னதுக்கு அர நாள் சம்பளம்தான் போடுவேன்னுட்டாரு. அப்பா ஒண்ணுமே பேசல. நேரா அவரோட ரப்பர் மர நெரைக்குப் போனாரு, ஆனா மரத்துக்கிட்ட போகல, ஒரு கட்டையில உக்காந்து கல்ல எடுத்து, தண்ணி தெளிச்சி, உளிய தீட்ட ஆரம்பிச்சாரு. தீட்டறாரு தீட்டறாரு, விடியவே ஆரம்பிச்சிருச்சி. நான் பதறிட்டேன், ஏன்னா உனக்கே தெரியும், விடியறதுக்கு முன்னாடி குளிர்ச்சியில வெட்டினாத்தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் கொறஞ்சிரும், அந்த அர மணி நேரம் அப்பாவுக்குக் காசு. "ஏம்பா லேட் பண்றீங்க"ன்னு கேட்டேன். "கை இன்னும் கோவமா இருக்கு, இந்தக் கையோட போனா மரத்த வெட்டிப்புடும்"னாரு.

அப்ப எனக்குப் புரியல. அப்புறம் நீ பன்னெண்டு வயசுல அடம்புடிச்சி உளிய வாங்கி ஒரு மரத்துல ஆழமா இறக்கினியே, வெள்ளையா கட்டை தெரிஞ்சிச்சி, அப்பத்தான் புரிஞ்சிச்சி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கற அந்த மெல்லிசு தோல்லதான் புதுப்பட்டையே பொறக்குது, அதத் தொடாம வெட்டினா ஏழெட்டு வருஷத்துல பட்டை வழவழன்னு திரும்பி வந்துரும், அதே எடத்துல மறுபடி வெட்டலாம். தொட்டுட்டா கட்டி கட்டியா வீங்கி வரும், அந்த எடத்துல அப்புறம் உளி ஓடாது. அப்பா உன் விரலப் புடிச்சி அந்த வீக்கத்துல வச்சி காட்டினாரு, திட்டக்கூட இல்ல.

அன்னைக்கு அப்பா கோவத்த முழுங்கிட்டு சும்மா இருந்துட்டாருன்னு மட்டும் நெனைக்காத. மரத்துலயெல்லாம் பால் வெட்டி முடிச்சி, பால எடை போட்டுக் குடுத்துட்டு, குளிச்சி வேட்டி கட்டிக்கிட்டு, யூனியன் ஆள கூட்டிக்கிட்டு சாயங்காலம் ஆபீசுக்குப் போனாரு. கொரல் ஒசத்தாம பேசினாரு. முழு நாள் சம்பளம் வந்துச்சி. பொறுமைன்னா அப்பாகிட்ட அதுதான், கைய அடக்கி வச்சிட்டு அப்புறம் போக வேண்டிய எடத்துக்கு போறது. நீ பாதிதான் செய்யற, உக்காந்திருக்க, தீட்டவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல.

இன்னொண்ணு சொல்லணும், ரோஷத்தயும் மானத்தயும் நீ ஒண்ணாக்கிட்ட. ஆள வேலைய விட்டு எடுத்துட்டா குடுக்க வேண்டிய காசுக்கு 1980லயே சட்டம் வந்தாச்சி, அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவங்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். உன் 19 வருஷத்துக்குக் கணக்குப் போடு, 380 நாள் சம்பளம்டா! அது யாரோ போடற பிச்சை இல்ல, நீ மழையில நனைஞ்சது, கழுத்து வலிக்க அண்ணாந்து அருவாள இழுத்தது. தொழிலாளிங்க பாதுகாப்புக்கு இருக்கற சொக்சோவுல வேலை போனவங்களுக்குன்னு 2018ல இருந்து ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, மாசா மாசம் உன் சம்பளத்துல புடிச்சதுதான், புது வேலை தேடற வரைக்கும் ஆறு மாசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடுப்பாங்க. ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள மனு போடணும். இன்னும் 29 நாள்தான். அரிசி டின்னுக்கு அடியில இருக்கற கடுதாசி அதுக்கும் வேணும்.

தோட்டம் கை மாறுறது நம்ம குடும்பத்துக்குப் புதுசா? தாத்தா காலத்துல தோட்டத்தயெல்லாம் துண்டு துண்டா வித்தப்ப சனங்க பயந்து போய் நின்னாங்க, அப்பத்தான் நம்ம சுங்கை சிப்புட்டுல பொறந்து அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, பால்வெட்டுக்காரங்களே பங்கு கட்டி தோட்டத்த வாங்கலாம்னு. தாத்தா வாய்க்கும் வயித்துக்கும் பத்தாத சம்பளத்துல பங்கு கட்டினாரு, கேட்டா "தனியா நின்னா தொர பாக்கவே மாட்டான்"னு சொல்வாராம். உன் லயத்துல இதே கடுதாசி வாங்கின குடும்பம் பதினொண்ணு இருக்காமே. ஒருத்தர ஒருத்தர் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு கதவ சாத்திக்கிட்டா எப்படி. நீ போயி ரெண்டு கதவ தட்டு, கஷ்டம்தான், தெரியும், கோயில் திருவிழாவுக்கு வசூல் போவியே அந்த மாதிரி நெனச்சிக்க.

ஈபிஎஃப்ல இருக்கற ஓய்வுக்கால சேமிப்ப எடுத்து லோரி வாங்கப் போறதா பேசினியாம். இந்த மாசம் வேணாம்டா. கை அமைதியானதும் உக்காந்து பேசலாம், அப்பவும் லோரிதான் சரின்னு பட்டா நானே வந்து உன்கூட நிக்கறேன்.

அப்புறம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரி. வேலை இல்லாட்டியும் எந்திரி, மொகம் கழுவி கோப்பி குடி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலைய முடி, வீட்டு பெர்மிட் ஒரு நாள், சம்பளச் சீட்டு, அதான் பேஸ்லிப், தேடறது ஒரு நாள். ரப்பர் மரத்தயெல்லாம் வெட்டிச் சாய்ச்சிட்டு எண்ணெய் எடுக்கற செம்பனை போட்டப்ப அப்பாவுக்கு 48 வயசு, அந்த நீளக் கம்பு அருவா அவருக்கு வரவே இல்ல, தோளு ரெண்டும் வீங்கிப் போச்சி, அம்மா ராத்திரி தைலம் தேய்ப்பாங்க, மறுநாள் அதே அஞ்சு மணிக்கு கெளம்பிடுவாரு. அவரு எப்ப நல்லா வெட்ட ஆரம்பிச்சாருன்னு எனக்கு ஞாபகமே இல்ல, ஒரு நாள் பாத்தா சின்னப் பசங்களுக்கு அவரு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு.

திங்கக்கிழமை காலையில ஏழரைக்கெல்லாம் நான் சுங்கை சிப்புட் பஸ் ஸ்டேண்ட்ல இருப்பேன். அடையாள கார்டு ஐசி, அந்தக் கடுதாசி, இருக்கற பேஸ்லிப், பேங்க் புக்கு எல்லாத்தயும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா, முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வா. கல்லு என்கிட்டதான் இருக்கு, அப்பா போனதுல இருந்து சமையக்கட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன். அதயும் கொண்டாரேன், உனக்குத்தான்.

பாசத்தோட,
அக்கா