மாடிப்படிச் சுவருக்கு 45 டிகிரி ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூருவில் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டினால் பெரும்பாலும் மாடிப்படி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்தப் படிச் சுவரில் பீடிங் எனும் மெல்லிய அலங்காரக் கட்டையைச் சட்டம் சட்டமாக ஒட்டி அழகுபடுத்துவதும் இப்போது பரவலாகிவிட்டது. இதே வேலை ஹாலில் கச்சிதமாக அமைகிறது. படிச் சுவரில் மட்டும் மூலைக்கு மூலை இடைவெளி. அதைப் பட்டி (சுவரை மட்டப்படுத்தும் மாவு) வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் பட்டி சுருங்கி, கோடு கோடாக வெடிக்கிறது. வீட்டுக்காரர் தச்சரின் கையைக் குறை சொல்கிறார். குறை கையில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.

ஹால் சுவரில் சட்டத்தின் நான்கு மூலையும் 90 டிகிரி. பாதிக்குப் பாதி 45. படிச் சுவரில் நிற்கும் கட்டைகள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க, மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் படியோடு சாய்கின்றன. படியின் உயரம் 7 அங்குலம், கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்றால் சாய்வு 35 டிகிரி. அப்போது சட்டத்தில் இரண்டு மூலை 55 டிகிரி, இரண்டு மூலை 125 டிகிரி. வெட்ட வேண்டிய கோணம் 27.5, 62.5. இவை இரண்டும் சேர்ந்து 90 வராவிட்டால் கணக்கில் பிழை. இங்கே 45 வெட்டினால் கூர்மூலையில் வெளிப்பக்கமும் விரிமூலையில் உள்பக்கமும் வாய் பிளக்கும். ஒரு கட்டையை மட்டும் இழைத்துச் சரிக்கட்டினாலும் பயனில்லை. இரண்டு வெட்டுமுகங்களின் நீளம் மாறிப்போய், பீடிங்கின் வரிகள் ஒன்றோடொன்று சேராது.

ஒரு வீட்டுக் கோணம் அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. வீட்டுப் படிக்கு உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, அகலம் 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. அந்த எல்லையில் கட்டிய படியின் சாய்வு 37 டிகிரியைத் தாண்டும். ஆகவே அந்தந்த வீட்டுப் படிக்கட்டை அளந்துதான் வெட்ட வேண்டும். அளக்கும்போது ஒரே ஒரு படியை நம்பக்கூடாது. கிரானைட் பதிக்கும்போது படிக்குப் படி இரண்டு மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஏறி இறங்கியிருக்கும். முதல் படியின் மூக்கிலிருந்து, அதாவது முன்விளிம்பிலிருந்து, கடைசிப் படியின் மூக்குவரை ஒரே கயிறாகக் கட்டி, அந்தக் கயிற்றின் சாய்வை எடுக்க வேண்டும். சட்டத்தின் மேல்கோடு 36 அங்குல உயரத்தில் வேண்டுமென்றால் அதையும் இந்தக் கயிற்றிலிருந்து தூக்குக்குண்டு வழியே அளக்க வேண்டும்.

இடைவெளியிலும் பலர் ஏமாறுகிறார்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 3 அங்குலம் விட்டு, சாய்ந்த ஓரத்திலும் டேப்பை நேராகத் தொங்கவிட்டு 3 அங்குலம் வைத்தால், பார்வைக்கு அது இரண்டரை அங்குலம் போலத்தான் தெரியும். சாய்வுக்குச் செங்குத்தாக 3 அங்குலம் வர வேண்டுமானால் தூக்குக்குண்டு வழியே 3 அங்குலம் 5 நூல் விட வேண்டும்.

அடுத்தது வெட்டு. சாய்வெட்டுக்கு வாளை வழிநடத்தும் சாதாரண மைட்டர் பெட்டியில் 45க்கும் 90க்கும் மட்டுமே தடம் இருக்கும். கோணம் திருப்பி வெட்டும் மைட்டர் வாளும் பெரும்பாலும் ஏறத்தாழ 50 டிகிரிக்கு மேல் திரும்பாது. வாளில் நேர்வெட்டுதான் 0 என்பதால், கூர்மூலையின் 27.5க்கோ வாளை 62.5 திருப்ப வேண்டும். இதற்கு நல்ல வழி உண்டு. வாளைச் சாய்ந்த கட்டைகளுக்கு ஒரு பக்கம் 27.5, நிற்கும் கட்டைகளுக்கு மறுபக்கம் அதே 27.5 என்று நிறுத்த வேண்டும். பீடிங்கை வழக்கம்போல வாளின் பின்பக்கத் தடுப்பான முதுகுப்பலகையை ஒட்டி வைத்து வெட்டினால் விரிமூலை கிடைக்கும். முதுகுப்பலகைக்கு 90 டிகிரியில் ஒரு நேர்க்கட்டையைத் திருகாணியால் இறுக்கி, அதை ஒட்டிப் பீடிங்கை வைத்து வெட்டினால் கூர்மூலை கிடைக்கும். பீடிங்கைக் கிளாம்பால்தான் பிடிக்க வேண்டும், விரல் பக்கத்தில் போகக்கூடாது.

கோணமானியே இல்லாமலும் வெட்டலாம். சுவரில் போட்ட கோட்டின்மேல் நிற்கும் பீடிங்கை வைத்து, அதன் இரு ஓரத்தையும் பென்சிலால் கோடிழுங்கள். அதை எடுத்துவிட்டுச் சாய்ந்த பீடிங்கை வைத்து அதற்கும் இரு ஓரக்கோடு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் வெளிப்புள்ளியையும் உள்புள்ளியையும் சேர்த்தால் அதுதான் வெட்டுக்கோடு. பழைய ஆசாரிமார் செய்த முறை இது, தப்பாது.

பீடிங்கின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். ஒன்றரை அங்குலப் பீடிங்கின் கூர்மூலை வெட்டு மூன்றேகால் அங்குலம் நீளும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பீடிங்கில் அந்த நுனி பேனா முள்போல மெலிந்து, கை பட்டாலே உதிரும். படிச் சுவருக்கு ஒரு அங்குலப் பீடிங் போதும்.

எத்தனை வாங்குவது? பத்து படி, அதாவது 100 அங்குலம் கிடைநீளம், மூன்று சட்டம் என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்த கட்டை ஒவ்வொன்றும் 36 அங்குலத்தைத் தொடும், நிற்கும் கட்டை 24. எட்டடிப் பீடிங்கில் இரண்டு சாய்வும் ஒரு நிற்பும் அடங்கும்போலத் தோன்றும். வாளின் தடிமனும் சாய்வெட்டின் கழிவும் அதைத் தின்றுவிடும். சாய்வுக்கு மூன்று, நிற்பதற்கு இரண்டு, உடைந்தால் ஒன்று என ஆறு வாங்க வேண்டும்.

ஒட்டுமுன் பேப்பர் டேப்பால் சட்டம் முழுவதையும் சுவரில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பெயிண்ட் மேல் அப்படியே ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். பசை படும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எம்.டி.எஃப். என்றால் வெட்டுமுகத்துக்கு பிரைமர், இல்லாவிட்டால் ஈரம் குடித்து ஊதும். மயிரிழை இடைவெளிக்கு அக்ரிலிக் சீலண்ட் போதும். சிலிகான் மேல் பெயிண்ட் பிடிக்காது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மூன்று சட்டமும் அடிக்கணக்கில் 30 அடி வேலைதான். ஆனால் 12 மூலை, 24 வெட்டு. ஹால் சுவருக்குப் பேசிய அடிக்கூலியையே படிச் சுவருக்கும் பேசினால், அளந்து பார்க்கத் தச்சருக்கு நேரம் கிடைக்காது, மறுபடி பட்டிதான் வரும். படிச் சுவருக்கு மூலைக் கணக்கில் தனிக்கூலி பேசுங்கள். முதல் சட்டத்தைப் பட்டி வைக்குமுன் நேரில் பார்த்து, பிறகு அடுத்ததைச் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலையாளர்கள் சிலர்,
ஹலசூரு, பெங்களூரு