கட்டியைத் தடுக்கும் மரபணுவும் காவலை அடக்கும் செல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் குறித்த செய்திகள் புதிய மருந்துகளோடு நின்றுவிடாமல், நோய் உருவாகும் விதத்தையும் விளக்க வேண்டுகிறேன்.

நம் செல்களில் டிஎன்ஏ சேதமடையும்போது, பி53 என்னும் புரதம் செல் பிரிவதை நிறுத்திப் பழுது நீங்க அவகாசம் தருகிறது. பழுது மிஞ்சிவிட்டால் அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதற்கான மரபணு கெட்டுப்போயிருக்கிறது. இதுபோல் கட்டியைத் தடுக்கும் வேறொரு மரபணு கெடுவதால் வரும் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன், கட்டி தோன்ற இரண்டு மரபணு மாற்றங்கள் தேவை என்று 1971-இல் முன்வைத்த கருத்து, ஒரு மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைக்கு மிக இளவயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும், நோய் வருவது ஏன் என்பதைத் தெளிவாக்கியது. இதை எளிய தமிழில் எழுதினால், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் குழந்தையின் கண்களை உரிய காலத்தில் பரிசோதிக்க முன்வருவார்கள்.

டி செல்கள் நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்; அவற்றுள் நோய் எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்களின் நிலை வேறு. எதிர்ப்பாற்றல் நம் உடலையே தாக்காமல் தடுப்பவை இவை. இவை குறித்த கண்டுபிடிப்புகளுக்காக ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவர் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால், கட்டிகள் பல இவற்றைத் தம் பக்கம் ஈர்த்து, புற்றுச் செல்களைக் கொல்ல வரும் டி செல்களைச் செயலிழக்கச் செய்கின்றன. 'எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் புற்றுநோய் அண்டாது' என்னும் விளம்பரங்கள் இந்த உண்மையை மறைப்பது வருத்தத்திற்குரியது. ஒழுங்குமுறை டி செல்களை உடலிலிருந்து முற்றாக நீக்கினால் சொந்த உறுப்புகளே தாக்குதலுக்கு உள்ளாகும் என்பதால், கட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் முடக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்