தடித்த எழுத்து உட்தலைப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் இணையத்தில் ஏற்றும் அறிவிக்கைகள் பலவற்றில் உட்தலைப்புகள் கண்ணுக்கு மட்டுமே இருக்கின்றன. வரியைப் போல்டு ஆக்கி, எழுத்தளவை 12-லிருந்து 16-க்கு ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். கணினிக்கு அதுவும் இன்னொரு பத்திதான்.

இதனால் பெரிதும் அவதிப்படுபவர்கள் பார்வையற்றவர்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானில் ‘எச்’ விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். 2-ஐத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம். வெறும் போல்டு வரிகளில் இது நடக்காது. 40 பக்க அறிவிக்கையில் வயது வரம்பை மட்டும் தேடுபவரும் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு வரவேண்டியதுதான்.

வேர்டில் தலைப்பு வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ‘ஹெடிங் 2’ என்னும் ஸ்டைலுக்கு, அதாவது கணினி அறியும் இரண்டாம் நிலைத் தலைப்பாக, மாறிவிடும். கூகுள் டாக்ஸிலும் இதே விசைகள்தாம். அறிவிக்கையின் பெயருக்கு 1, பகுதிகளுக்கு 2, அவற்றின் உட்பிரிவுகளுக்கு 3. எழுத்து சிறிதாகத் தெரியட்டும் என்று 2-க்கு அடுத்து 4-ஐப் போடக்கூடாது. நடுவில் ஏதோ விடுபட்டதாகக் கேட்பவர் குழம்புவார். அளவு பிடிக்காவிட்டால் ஸ்டைலை ‘மாடிஃபை’ செய்யலாம். அங்கே தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் இருக்கின்றன. பலர் ஆங்கில எழுத்துகளுக்கான லத்தீன் பகுதியை மாற்றிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று ஸ்டைலையே கைவிட்டு, பழையபடி கையால் பெரிதாக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பிடிஎஃப் எடுக்கும்போது கெட்டுவிடுகிறது. ‘பிரிண்ட்’ வழியாக எடுத்தால் தலைப்புக் குறிகள் பெரும்பாலும் போய்விடும். ‘சேவ் ஆஸ்’ வழியாக எடுத்து, ஆப்ஷன்ஸில் ‘டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ்’, ‘கிரியேட் புக்மார்க்ஸ்’ இரண்டையும் டிக் செய்ய வேண்டும். அச்சடித்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து ஏற்றினாலோ, அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

தலைப்பின் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘பொது’, ‘முக்கியக் குறிப்பு’ என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ‘கட்டண விலக்கு யாருக்கு’ என்று போட்டால் தேவைப்பட்டவர் நேரே அங்கே வருவார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்கள் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. எனவே, கோப்பை இணையத்தில் ஏற்றும் பணியாளர் முதலில் வேர்டின் ‘நேவிகேஷன் பேன்’ பகுதியைத் திறந்து, தலைப்புகள் அனைத்தும் அங்கே வரிசையாக வருகின்றனவா என்று பார்த்த பின்பே ஏற்ற வேண்டும் எனத் துறைத் தலைவர்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆவண வடிவமைப்பாளர், மதுரை