வலப்பக்கம் திரும்பும் பேருந்தும் இடப்பக்கப் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் நகரப் பேருந்துகளில் படிக்கட்டில் தொங்கிச் செல்லும் மாணவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். கூட்டம், பேருந்துப் பற்றாக்குறை, இளமைத் துடுக்கு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. விழுகிறவர் ஏன் விழுகிறார், எந்தத் திருப்பத்தில் விழுகிறார் என்பது மட்டும் பேசப்படுவதில்லை. பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

ஓடும் பேருந்தில் இருப்பவரின் உடலும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக் நிறுத்துவது பேருந்தை. நம்மை நிறுத்துபவை காலடியின் உராய்வும் கையில் பிடித்த கம்பியும்தான். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து 2 விநாடிகளில் நின்றால், நின்றுகொண்டிருக்கும் 60 கிலோ எடையுள்ளவர் முன்னே சாயாதிருக்க, காலும் கையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ அளவுக்கு ஈடுகொடுக்க வேண்டும். கைக்குழந்தையுடன் நிற்கும் பெண்ணுக்கு உடனே இடம் தர வேண்டும் என்பது இதனால்தான்.

திருப்பத்தில் நிலைமை இன்னும் மோசம். வண்டி வளைந்தாலும் உடல் நேர்கோட்டிலேயே செல்ல முயலும். இதைத் திசை நிலைமம் என்கிறோம். நம் பேருந்துகளில் படி இடப்பக்கம் இருப்பதால், வண்டி இடப்பக்கம் திரும்பும்போது படியில் நிற்பவர் உள்நோக்கிச் சாய்வார். வலப்பக்கம் திரும்பும்போதோ சாலையை நோக்கிச் சாய்வார். வேலூரின் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவைச் சுற்றி வரும் வண்டிகள் வலப்பக்கமாகவே வளைகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

சென்ற மாதம் அந்த வளைவில்தான், நான் வந்த பேருந்தின் படியிலிருந்து ஒரு பள்ளி மாணவன் விழுந்தான். பின்னால் வந்த ஆட்டோ சட்டென்று நின்றதால் முழங்கால் சிராய்ப்போடு பிழைத்தான். தூக்கி உட்காரவைத்தபோது, "கம்பியப் பிடிச்சுக்கிட்டுதான் சார் இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் முதுகில் கனத்த பை, ஒற்றைக் கை, வியர்வையில் வழுக்கும் கம்பி. அந்தப் பிடி எத்தனை நொடி தாங்கும்?

வளைவில் வெளியே தள்ளுவதாக உணரப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25 கி.மீ. வேகத்தை 15 ஆகக் குறைத்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஆகவே ஓட்டுநர்கள் இந்தச் சுற்றில் மெதுவாகச் செல்ல வேண்டும் என்றும், வளைவுக்கு முன்பே நடத்துநர்கள் விசில் கொடுத்துப் படியில் நிற்பவர்களை உள்ளே அழைக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். பத்தாம் வகுப்புக்கு இயக்க விதிகளை நடத்தும் ஆசிரியர்கள், அட்டைமேல் நாணயம் வைத்துச் சுண்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், கிரீன் சர்க்கிளைக் கரும்பலகையில் வரைந்து, பேருந்தின் படி எந்தப் பக்கம் வருகிறது என்று மாணவர்களையே குறிக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி.