பாப்பாவுக்கு, பேங்காக் கிளம்புறதுக்கு முன்னாடி

பாப்பா,

நல்லாருக்கியா. நீ பேங்காக் போறது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், சரி அது போகட்டும், டிக்கெட் போட்டாச்சு ஹோட்டல் இன்னும் போடலைன்னு சொன்னா, அதான் கடையைச் சாத்திட்டு உக்காந்து இதை டைப் பண்றேன். போன்ல சொல்லலாம்னா மீட்டிங்னு வச்சிடுற.

மொதல்ல பாஸ்போர்ட். யார் கேட்டாலும் அடமானமா குடுக்காத. பட்டாயா பீச்சுல ஜெட் ஸ்கி வாடகைக்கு விடுறவன் அதை வாங்கி வச்சுக்கிட்டு, நீ ஓட்டிட்டு வந்ததும் ஏற்கனவே இருந்த கீறலைக் காட்டி நீதான் இடிச்சன்னு ஆயிரக்கணக்குல பாட், அதான் அந்த ஊர்க் காசு, கேப்பான். ஏறணும்னா ஏறு, முன்னாடியே சுத்தி வீடியோ எடுத்துக்க. ஏறாம இருந்தா இன்னும் நல்லது.

அந்த டிடிஏசி கார்டு, அதான் தாய்லாந்துக்குள்ள நுழையறதுக்குப் போடுற கார்டு, 2025 மே 1-ல இருந்து கட்டாயம், போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும், அதுக்குப் பத்து பைசா கிடையாது. காசு கேட்டா அது போலி சைட்டு, கவர்மென்ட் சைட்டு மாதிரியே பண்ணி வச்சிருக்கானுங்க, முகவரி டாட் கோ டாட் டிஹெச்னு முடியுதான்னு பாரு. ஹோட்டலும் அப்படித்தான், இன்ஸ்டாகிராம்ல பாதி விலை பேக்கேஜ்னு வந்து எவனோ ஒருத்தன் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னா பண்ணாத. பண்ணித் தொலைச்சிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்குக் கூப்பிடு.

கிராண்ட் பேலஸ் வாசல்ல ஒருத்தன் டீசன்ட்டா வந்து இன்னிக்கு பூஜை, மூடியிருக்கு, இருபது பாட்டுக்கு டுக்டுக்ல வேற கோயில் காட்டுறேம்பான். மூடியிருக்காது. கல்லு விக்கிற கடையிலதான் கொண்டு போய் நிறுத்துவான். கவுன்ட்டர் வரைக்கும் நீயே நடந்து போய்ப் பாரு. டூரிஸ்ட் போலீஸ் 1155, எழுதி வச்சுக்க. பாஸ்போர்ட்டைக் குடுக்காத.

உனக்குத் தெரியாததா. பெங்களூர்ல அந்த வீட்டுக்காரன்கிட்ட ஒத்த ஆளா நின்னு அட்வான்ஸைத் திரும்ப வாங்கினவ நீ, கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லியாச்சு. ஆனா ஆவணிக்கு அப்புறம் நீ ஊருப் பக்கமே வரல. அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல.

ஒண்ணு சொல்லணும். அப்பத்தாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போக மதுரை ஜங்ஷன் போனோமே, 2009-ல, நீ மூணாப்பு. ரயில் ரத்தாயிடுச்சுன்னு சொன்னேன். ரத்தாகல பாப்பா. ஏஜென்ட் குடுத்த டிக்கெட்டைப் பாத்துட்டு டிடிஆர், இப்படி ஒரு பிஎன்ஆரே இல்லன்னுட்டாரு. ரயில்வே விசாரணை நம்பர் 139-க்கு ஒரு போன் போட்டிருந்தா வீட்டுலயே தெரிஞ்சிருக்கும். மலிவா முடிச்சிட்டேன்னு பெருமையா அலைஞ்சவன், போடல. அப்பத்தா ராமேஸ்வரத்து மண்ணை மஞ்சத்துணியில முடிஞ்சு மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, நீ என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, ஏம்ப்பா மத்தவங்கள்லாம் ஏறுறாங்கன்னு கேட்ட. எல்லார் முன்னாடியும் உன்னை அதட்டினேன். போலீஸ்லயும் சொல்லல, உங்கம்மாகிட்டகூட இன்னிக்கு வரைக்கும் சொல்லல, அடுத்த வருஷம் போலாம் போலாம்னே அப்பத்தாவும் போயிட்டாங்க. அந்த மண்ணு முடிச்சு இன்னும் பரண்ல, பித்தளை அண்டாவுக்குள்ள இருக்கு.

நீ எங்கிட்ட எதையும் கேக்காம விட்டது அன்னைக்கு இருந்துதானோன்னு கொஞ்ச நாளா தோணுது. நீ கேட்டது சரி. நான்தான் பொய் சொன்னேன்.

அம்மா அதிரசம் போடுறா, வியாழக்கிழமை கூரியர்ல வரும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி வை. யார் கூடப் போறன்னு கேக்கல, பிளைட் நம்பரை மட்டும் அனுப்பு, இறங்கிட்டா இறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் முழிச்சிருப்பேன்.

அப்பா